தெற்குக் கடலில் ஆறு பேர்: ஷாக்கில்டனின் படகுப்பயண உரையில் தன்மைப் பன்மை

1. நோக்கம்

பெருங்கடலைச் சிறு படகில் கடந்தோர் எழுதிய உரைகள் பெரும்பாலும் வீரச்செயல் வரலாறுகளாகவே படிக்கப்படுகின்றன. காற்று, அலை, பனி, பசி ஆகியவற்றோடு நிகழும் போராட்டம் படிப்போர் கவனம் முழுவதையும் ஈர்த்துக்கொள்கிறது. அதனால், அவ்வுரைகளில் பேசுபவர் யார், அவர் யாரைத் தம்மோடு சேர்த்துப் பேசுகிறார், யாரை விட்டுவிடுகிறார் என்னும் வினாக்கள் எழுவதில்லை. இவ்வினாக்கள் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியவை. சிறு குழு ஒன்று ஒரே படகில் பல நாள் அடைபட்டுக் கிடக்கும்போது, அக்குழுவின் உறவுநிலை மூவிடப் பெயர்களிலேயே முதலில் வெளிப்படும்.

எர்னஸ்ட் ஷாக்கில்டன் 1919-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தெற்கு’ என்னும் ஆங்கில நூலின் படகுப்பயணப் பகுதியை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பகுதியின் உயிர்நாடியாக அமைவது ஆங்கிலத் தன்மைப் பன்மைப் பெயர். அதனைத் தமிழில் தரும்போது ‘நாம்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். இத்தேர்வு வெறும் சொல் தேர்வன்று; நூலை மதிப்பிடும் திறனாய்வுச் செயலும் ஆகும் என்பது இங்கு நிறுவப்படுகிறது. எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் தமிழ் வாக்கியங்கள் அமைப்பை விளக்குவதற்காக உருவாக்கப்பட்டவை. நூலின் வாக்கியங்கள் அல்ல.

2. பயணமும் நூலும்

ஷாக்கில்டனின் தலைமையில் ‘என்டூரன்ஸ்’ என்னும் கப்பல் 1914 டிசம்பர் 5 அன்று தெற்கு ஜார்ஜியாத் தீவை விட்டுப் புறப்பட்டது. அண்டார்க்டிக் கண்டத்தைத் தரைவழியே குறுக்காகக் கடப்பது திட்டம். 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனிப்பரப்பு கப்பலைச் சிறைப்படுத்தியது. அக்டோபர் 27 அன்று கப்பல் கைவிடப்பட்டது. நவம்பர் 21 அன்று மூழ்கியது. (அதன் சிதைவு 2022 மார்ச்சு 5 அன்று 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டது.) இருபத்தெட்டுப் பேரும் மிதக்கும் பனியில் பாசறை அமைத்து வாழ்ந்து, 1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் யானைத்தீவை அடைந்தனர். அத்தீவு கப்பல்கள் செல்லும் வழியில் இல்லை. உதவி தேடி யாரேனும் செல்லாவிடின் அனைவரும் அங்கேயே மடிய நேரும் என்பது தெளிவாக இருந்தது.

ஏப்ரல் 24 அன்று ‘ஜேம்ஸ் கேர்டு’ என்னும் படகில் ஷாக்கில்டன், கப்பல் தலைவர் பிராங்க் வொர்ஸ்லி, டாம் கிரீன், தச்சர் ஹாரி மக்நிஷ், ஜான் வின்சென்ட், திமொதி மெக்கார்த்தி ஆகிய அறுவர் புறப்பட்டனர். படகின் நீளம் ஏறத்தாழ 6.9 மீட்டர். திறந்த படகாக இருந்த அதன் பக்கங்களை மக்நிஷ் முன்னரே உயர்த்தியிருந்தார். யானைத்தீவில் பெட்டிப் பலகைகளையும் சறுக்குவண்டிச் சட்டங்களையும் பரப்பி, மேலே கித்தான் போர்த்தி, ஒருவகை மேல்தளமும் அமைத்தார். வேறொரு படகின் பாய்மரம் ஏராவின் மேல் நீளவாக்கில் கட்டப்பட்டு முதுகெலும்பு வலுவாக்கப்பட்டது. விளக்குத் திரியும் ஓவியரின் எண்ணெய் வண்ணமும் கடல்நாய்க் குருதியும் கலப்பற்றுக்குப் பயன்பட்டன.

800 கடல்மைல் தொலைவு கொண்ட அப்பயணத்தில் கதிரவனைக் கருவி கொண்டு நோக்க வொர்ஸ்லிக்கு வாய்த்தவை நான்கே தடவைகள். அக்கணிப்புகளை நம்பியே படகு செலுத்தப்பட்டது. தீவைத் தவறவிட்டால், மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துத் திரும்பி வர இயலாது. எனவே மக்கள் வாழும் வடகிழக்குக் கரையை விடுத்து, ஆளில்லாத மேற்குக் கரையையே இலக்காகக் கொண்டனர். மே 8 அன்று நிலம் தென்பட்டது. பெரும்புயல் ஒன்றைத் தாங்கி மே 10 அன்று கரையேறினர். பின்னர் ஷாக்கில்டன், வொர்ஸ்லி, கிரீன் மூவரும் மே 19 அன்று புறப்பட்டு, 36 மணி நேரம் மலையும் பனியாறும் கடந்து ஸ்ட்ராம்னெஸ் திமிங்கில நிலையத்தை அடைந்தனர். யானைத்தீவில் இருந்த இருபத்திருவரும் 1916 ஆகஸ்டு 30 அன்று, நான்காம் முயற்சியில், ‘யெல்ச்சோ’ என்னும் சிலி நாட்டுக் கப்பலால் மீட்கப்பட்டனர்.

நூல் உருவான முறையும் கருதத்தக்கது. ஷாக்கில்டன் வாய்மொழியாகச் சொல்ல, நியூசிலாந்துப் பத்திரிகையாளர் எட்வர்டு சாண்டர்ஸ் எழுத்தாக்கினார். ஆகவே ‘தெற்கு’ நூலின் உரைநடைக்கு முதல் கேட்பாளர் ஒருவர் இருந்தார். அவர் படகில் இல்லாதவர். இச்செய்தியின் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

3. தன்மைப் பன்மையின் இலக்கண நிலை

தன்மைப் பன்மையில் இருவகை உண்டு என்பதைத் தமிழ் இலக்கண மரபு தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. தன்மைப் பன்மை வினைமுற்று ஈறுகளைத் தொல்காப்பியம் தொகுத்துக் கூற, நன்னூல் அவற்றை உளப்படுக்கும் இடத்திற்கேற்ப வகைப்படுத்துகிறது. அம், ஆம் என்பன முன்னிலையாரைத் தன்னோடு சேர்ப்பன. எம், ஏம், ஓம் என்பன படர்க்கையாரைச் சேர்ப்பன என்பது அதன் கருத்து. இன்றைய மொழியியலார் முன்னதை ‘உளப்படுத்தும் பன்மை’ எனவும் பின்னதை ‘உளப்படுத்தாப் பன்மை’ எனவும் வழங்குகின்றனர். இவ்விரு பார்வைகளுக்கும் இடையே நுட்பமான வேறுபாடு உண்டு. இற்றை வழக்கு, ‘நாங்கள்’ என்பதை அது யாரை விலக்குகிறது என்பதைக் கொண்டு பெயரிடுகிறது. நன்னூலாரோ அது யாரைச் சேர்க்கிறது என்பதைக் கொண்டு விளக்குகிறார். ‘நாங்கள்’ என்பது எதிரில் இருப்பவரை விடும் சொல் என்பதைக் காட்டிலும், எதிரில் இல்லாதவரைத் தன்னோடு கொண்டுவரும் சொல் என்பதே மரபின் நோக்கு.

இவ்வேறுபாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கும் மலையாளமும் இதனைப் போற்றுகின்றன. இந்தோ-ஆரிய மொழிகளுள் மராத்தியும் குஜராத்தியும் இதனைக் கொண்டுள்ளன. இன்றைய கன்னடப் பொதுவழக்கு இதனை இழந்துவிட்டது, இந்தியில் இல்லை. எனவே ஒரே ஆங்கில நூலை இந்திய மொழிகளில் பெயர்க்கும்போது, இந்தி, கன்னட மொழிபெயர்ப்பாளர்கள் எதிர்கொள்ளாத கட்டாயம் தமிழ், தெலுங்கு, மலையாளம், மராத்தி, குஜராத்தி மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஏற்படுகிறது. ஒரு மொழி எதனைச் சொல்ல இயலும் என்பதில் அன்றி, எதனைச் சொல்லியே தீரவேண்டும் என்பதிலேயே மொழிகள் வேறுபடுகின்றன என்று ரோமன் யாக்கப்சன் 1959-இல் காட்டியது இங்கு முழுவதும் பொருந்துகிறது.

தற்காலத் தமிழில் இன்னொரு கூறும் உண்டு. பெயர்கள் இரண்டாக நிற்க, வினைமுற்று ஈறு ஒன்றாகிவிட்டது.

(அ) நாம் கரையைக் கண்டோம்.
(ஆ) நாங்கள் கரையைக் கண்டோம்.
(இ) கரையைக் கண்டோம்.

முன்னாளில் படர்க்கையாரை உளப்படுத்திய ‘ஓம்’ ஈறு இன்று இரண்டிற்கும் பொதுவாயிற்று. ஆதலால் (இ) போன்று பெயரை விடுத்து வினைமுற்றை மட்டும் ஆளும்போது வேறுபாடு மறைந்துவிடுகிறது. எனினும் வேற்றுமை ஏற்கும் இடங்களில் இம்மறைப்பு இயலாது. ‘நம் படகு’, ‘எங்கள் படகு’; ‘நமக்கு’, ‘எங்களுக்கு’ என ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். வினையில் மௌனம் காக்கவும் உடைமையில் வெளிப்படவும் தமிழ் இடமளிக்கிறது. இவ்வமைப்பை மொழிபெயர்ப்பாளர் உணர்ந்து பயன்படுத்துதல் வேண்டும்.

4. படகினுள் ‘நாம்’

‘தெற்கு’ நூலில் தன்மை ஒருமையும் தன்மைப் பன்மையும் ஓர் ஒழுங்கில் மாறி வருகின்றன. புறப்பாட்டுக்கு முன் முடிவெடுப்பவர் ஒருவர்: யார் செல்வது, யார் தங்குவது, எத்தனை நாள் உணவு என்பவை ஒருமைக்கு உரியவை. படகு கடலில் இறங்கியபின் பன்மை மேலோங்குகிறது. உடைந்து விழும் அலை, மேல்தளத்தில் உறைந்து படகை அமிழ்த்தும் பனியை வெட்டியெறிதல், நனைந்த உறங்குபை, இறுதி நாட்களில் உவர்த்துப்போன குடிநீர் ஆகிய அனைத்தும் பன்மையில் கூறப்படுகின்றன. தலைவனின் ‘நான்’ படகோட்டியரின் பன்மைக்குள் கரைவதே அப்பகுதியின் உணர்ச்சி வலிமைக்குக் காரணம் எனலாம்.

ஆயின் இப்பன்மை ஒரே அளவினதன்று. அது ஓரிடத்தில் இருபத்தெட்டுப் பேரைக் குறிக்கிறது, ஓரிடத்தில் அறுவரை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காவல் மாறும்போது, ஷாக்கில்டன், கிரீன், மக்நிஷ் ஒருபுறமும், வொர்ஸ்லி, மெக்கார்த்தி, வின்சென்ட் மறுபுறமுமாக அது மூவராகச் சுருங்குகிறது. கரையேறியபின் மலை கடந்த மூவர் வேறொரு மூவர் ஆகின்றனர். ஆங்கிலப் பெயர் இவை அனைத்தையும் ஒரே போர்வையால் மூடுகிறது. அவ்வெல்லைகளைச் சூழல் கொண்டு உணர்வது ஆங்கில வாசகர் வேலை. தமிழ் வாசகருக்கு அவ்வேலையில் ஒரு பகுதியை மொழிபெயர்ப்பாளரே செய்து தரவேண்டியுள்ளது.

நூலின் எடுத்துரைப்பில் ‘நாங்கள்’ வருதல் இயல்பு; வாசகர் படகில் இல்லாதவர். பயணிகளின் உரையாடலில் நிலை வேறு. 1914 டிசம்பர் 5 முதல் 1916 மே 20 வரை, ஏறத்தாழ 17 மாதங்கள், இக்குழுவினர் புறத்து மனிதர் ஒருவரையும் காணவில்லை. முழுக் குழுவையும் உளப்படுத்தி, குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரை நோக்கி ‘நாங்கள்’ என்று கூறும் சூழலே அக்காலம் முழுவதும் எழவில்லை என்பது இதன் பொருள். அவர்கள் தமிழ் பேசியிருப்பின், குழு முழுவதையும் குறிக்க ‘நாம்’ ஒன்றே போதுமானதாக இருந்திருக்கும். ‘நாங்கள்’ என்ற சொல் அவர்களுக்குள் ஒலித்திருக்குமாயின், அது குழுவுக்குள் ஒரு பிரிவைக் காட்டவே ஒலித்திருக்கும்: இக்காவலுக்கு எதிராக அக்காவல், செல்வோருக்கு எதிராகத் தங்குவோர், தலைவருக்கு எதிராக மாலுமிகள்.

மாலுமிகள் ஆங்கிலத்திலேயே பேசினர், அவர்கள் மனத்தில் இவ்வேறுபாடு இல்லை, ஆதலால் இது தமிழின் திணிப்பு என்று மறுப்புக் கூறப்படலாம். சொல் இல்லாமையால் உறவு இல்லையென்று ஆகாது. யாரை நோக்கி யாரைச் சேர்த்துப் பேசுகிறோம் என்பதை எம்மொழியினரும் அறிவர். சில மொழிகள் அதனை உருபில் காட்டுகின்றன, சில சூழலுக்கு விடுகின்றன. தமிழ் இலக்கணம் மூலத்தில் இல்லாத ஒன்றைப் படைக்கவில்லை. மூலத்தை இன்னும் கூர்ந்து படிக்குமாறு மொழிபெயர்ப்பாளரை வற்புறுத்துகிறது.

5. ‘நாங்கள்’ என்னும் விரிசல்

இவ்வற்புறுத்தலின் பயன் மக்நிஷ் வரலாற்றில் வெளிப்படுகிறது. 1915 டிசம்பர் இறுதியில், பனிப்பரப்பின்மேல் படகுகளை இழுத்துச் செல்லும் கடும் உழைப்பின் நடுவே, அவர் கட்டளைக்குப் பணிய மறுத்தார். கப்பல் மூழ்கியதும் மாலுமிகள் கையொப்பமிட்ட பணி ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பது அவர் வாதம். ஷாக்கில்டன் அனைவரையும் கூட்டி, ஒப்பந்த விதிகளைப் படித்துக்காட்டி, துறைமுகம் சேரும்வரை அது செல்லும் என்று அறிவித்தார். எதிர்ப்பு அடங்கியது. வேறு நாட்குறிப்புகளால் நன்கு அறியப்படும் இந்நிகழ்ச்சியை ‘தெற்கு’ விரித்துரைக்காது கடந்து செல்கிறது.

மக்நிஷின் வாதத்தை இலக்கண நோக்கில் பின்வருமாறு கூறலாம்: கப்பல் இருந்தவரை ‘நாம்’, கப்பல் போனபின் ‘நீங்களும் நாங்களும்’. ஷாக்கில்டனின் விடை அந்த ‘நாங்கள்’ என்னும் சொல்லுக்கு இடமில்லை என்பதே. உயிர் காக்கும் நோக்கில் அவ்விடை பொருத்தமானதாக இருந்திருக்கலாம். ஆனால் நூலின் பன்மை, இவ்விரிசலுக்குப் பூசப்பட்ட கலப்பற்றாக அமைந்துவிட்டது என்பதைத் திறனாய்வாளர் மறத்தலாகாது. படகின் அடியில் இட வேண்டிய கல் பாரத்தைப் பற்றியும் இவ்வாறே. பாரம் மிகுதி என்று வொர்ஸ்லி கருதியதைப் பின்னாளில் அவர் எழுதிய உரையால் அறிகிறோம். தலைவர் முடிவே நின்றது. பன்மைப் பெயர் ஒருமித்த முடிவு என்ற தோற்றத்தைத் தருகிறது. ஒருமிப்பு எப்போதும் இருந்ததென்பதற்கு அது சான்றாகாது.

பயணம் முடிந்தபின் குழுவினருக்குத் துருவப் பதக்கம் வழங்கப்பட்டபோது நால்வருக்கு அது மறுக்கப்பட்டது. அந்நால்வருள் மக்நிஷும் வின்சென்டும் அடங்குவர். படகின் பக்கங்களை உயர்த்தியவரும், மேல்தளம் அமைத்தவரும், மலையேறிய மூவரின் காலணிகளில் படகின் திருகாணிகளைப் பொருத்திக் கொடுத்தவரும் மக்நிஷே. கரையில் தங்கிய மூவருக்கும் பொறுப்பாளராக ஷாக்கில்டன் நியமித்ததும் அவரையே. அவர் 1930-இல் வெலிங்டனில் இறந்தார்.

இந்நிலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் இரண்டாவது கட்டாயம் ‘அவன், அவர்’ என்னும் தேர்வாகும். ஆங்கிலப் படர்க்கை ஒருமைப் பெயரில் மதிப்பு வேறுபாடு இல்லை. தமிழ் உரைநடை வழக்கில் தலைவரும் கப்பல் அதிகாரியும் ‘அவர்’ ஆக, தச்சரும் மாலுமியும் எளிதாக ‘அவன்’ ஆகிவிடுகின்றனர். மொழிபெயர்ப்பாளர் பலர் இதனை ஒரு தேர்வாகக்கூட உணர்வதில்லை. சமூக வழக்கே அவர்களுக்காக எழுதிவிடுகிறது. ‘ஷாக்கில்டன் ஆணையிட்டார், மக்நிஷ் அறுத்தான்’ என்று எழுதினால், மூலத்தில் இல்லாத ஓர் ஏற்றத்தாழ்வு ஒவ்வொரு வினைமுற்றிலும் பதிவாகிறது. மறுக்கப்பட்ட பதக்கம் தமிழில் மீண்டும் ஒருமுறை மறுக்கப்படுகிறது. அறுவருக்கும் ‘அவர்’ என்பதே பொருத்தமான முடிவு. அதிகாரப் படிநிலையை மறைப்பது இதன் நோக்கம் அன்று. நூலில் அப்படிநிலை ஆணையிலும் மௌனத்திலும் உள்ளது; அதனை அங்கேயே விட்டுவைத்தல் வேண்டும்.

6. சொல்லும் அளவும்

கடல் சார்ந்த சொற்களிலும் இத்தகைய கவனம் தேவை. அணியம், ஏரா, பறுவான், சுக்கான், தாமான், கலப்பற்று முதலியன கடற்கரை வழக்கிலும் அகராதிகளிலும் உள்ள சொற்கள். இவற்றை ஒதுக்கிவிட்டுப் புதுச்சொல் புனைவது தேவையற்றது. ஆயினும் பழஞ்சொல் ஒவ்வொன்றும் நேர்ப்பொருள் தரும் எனக் கொள்ளுதலும் கூடாது. நான்கு மணி நேரக் காவலைச் ‘சாமம்’ என்றால், ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம் என்ற பொருளே தோன்றும். புயலில் படகின் முகத்தைக் காற்றுக்கு நேராக நிறுத்த உதவும் கித்தான் கூம்பினை ‘நங்கூரம்’ என்று மட்டும் கூறினால், அது கடலடியைப் பற்றி நிற்பதாக வாசகர் கருதுவர். ‘மிதவை நங்கூரம்’ என்று அடைகொடுத்தால் குழப்பம் நீங்கும். 800 கடல்மைலை ‘800 மைல்’ எனப் பெயர்த்தால், 1,480 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு 1,290 கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கிவிடும்.

படகைப் பெண்பாலில் சுட்டும் ஆங்கில மாலுமி வழக்கும் சிக்கல் தருவது. ‘அவள் அலையேறினாள்’ என்பது தமிழில் அணியாகப் படும். ஆங்கிலத்தில் அது அணியன்று, தொழில் வழக்கு. ‘படகு அலையேறியது’ என அஃறிணையில் கூறுதலே மூலத்தின் இயல்பான தொனிக்கு நெருங்கியது. பாலை விட்டுத் தொனியைக் காத்தல் இங்கு இழப்பன்று.

7. நான்காமவர்

நூலில் பெரிதும் பேசப்பட்ட இடம், மலை கடந்த 36 மணி நேரத்தில் தாம் மூவர் அல்லர் நால்வர் என்று பலமுறை தோன்றியதாக ஷாக்கில்டன் கூறுமிடம். அவர் அப்போது தோழர்களிடம் அதனைச் சொல்லவில்லை. பின்னர் வொர்ஸ்லி தாமாகவே அதே உணர்வைத் தெரிவித்தார். கிரீனும் அவ்வாறே ஒப்புக்கொண்டார். 1922-இல் வெளிவந்த எலியட்டின் ‘பாழ்நிலம்’ இச்செய்தியிலிருந்து தூண்டுதல் பெற்றது. அங்கு இருவரோடு நடக்கும் மூன்றாமவராக எண்ணிக்கை மாறுகிறது.

இப்பகுதியைத் தமிழில் தரும்போது இரு பன்மைகளும் அடுத்தடுத்து வேண்டப்படுகின்றன.

(ஈ) நாங்கள் மூவர் அல்லர், நான்கு பேர் என்று தோன்றியது.
(உ) நம்மோடு இன்னொருவர் வந்தார் என எனக்குப் பட்டது.

(ஈ) வாசகரை நோக்கிய எடுத்துரைப்பு, ‘நாங்கள்’ பொருந்தும். (உ) வொர்ஸ்லி ஷாக்கில்டனிடம் கூறுவது. ‘நம்மோடு’ என்றே வரவேண்டும். அவ்விடத்தில் ‘எங்களோடு’ என்றால், கேட்கும் ஷாக்கில்டன் அவ்வனுபவத்துக்கு வெளியே தள்ளப்படுவார். இருவரும் தனித்தனியே ஒன்றை உணர்ந்தனர் என்னும் செய்தியின் நடுக்கமே போய்விடும். ‘இன்னொருவர்’ என்பது ஆண், பெண் என்ற முடிவைத் தவிர்க்கிறது. மனிதரா தெய்வமா என்ற முடிவையும் அது தவிர்க்கிறது, இரண்டும் உயர்திணையே. (ஈ)-இல் ‘நால்வர்’ என்பதை விடுத்து ‘நான்கு பேர்’ என்றது வேண்டுமென்றே. ‘நால்வர்’ என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் சமயக் குரவர் தோன்றுதல் கூடும். நூலின் அடக்கமான தொனிக்கு அது மிகை.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் நூலில் உண்டு. கரையில் தங்கிய மூவரை அழைத்துவரத் திமிங்கிலக் கப்பலில் வொர்ஸ்லி சென்றபோது, முகம் மழித்துத் தூய உடை அணிந்திருந்த அவரை மூவரும் அடையாளம் காணவில்லை. தங்கள் குழுவிலிருந்து யாரும் வரவில்லையே என்று ஒருவர் அவரிடமே வினவினார். தமிழில் அவ்வினா ‘எங்கள் ஆட்களில் ஒருவர்கூட ஏன் வரவில்லை?’ என்று அமையும். வேற்றாள் எனக் கருதப்பட்டவரிடம் ‘நம் ஆட்கள்’ என்று கூற இயலாது. அடையாளம் கண்ட அடுத்த நொடியில் ‘எங்கள்’ என்பது ‘நம்’ ஆகிறது. ஒன்றரை ஆண்டுத் தோழரை அறியாமையும் அறிதலும் ஒரே பெயரின் இரு வடிவங்களில் அடங்குகின்றன. ஆங்கிலத்தில் விளக்கத் தொடர் கொண்டு காட்டப்படும் நகைச்சுவையும் நெகிழ்ச்சியும் தமிழில் இலக்கணத்தாலேயே நிகழ்கின்றன. மொழிபெயர்ப்பு இழப்பு மட்டுமே என்ற கருத்துக்கு இது தக்க மறுப்பு.

ஸ்ட்ராம்னெஸ் நிலையத்தில் நிகழ்ந்ததும் இத்தகையதே. 1914-இல் தம்மை அறிந்திருந்த நிலைய மேலாளரிடம் ஷாக்கில்டன் தம் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. புறத்து மனிதர் ஒருவர் முன் நின்று, இருபத்தெட்டுப் பேரையும் குறித்து ‘நாங்கள்’ என்று சொல்லக்கூடிய முதல் வாய்ப்பு 17 மாதங்களுக்குப் பின் அங்கேயே வாய்த்தது. அங்கு அச்சொல் விரிசலைக் குறிப்பதன்று; மீட்சியைக் குறிப்பது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படும். ஒன்று, ‘தெற்கு’ நூலின் எடுத்துரைப்பில் ‘நாங்கள்’, பயணிகளின் உரையாடலில் ‘நாம்’ என்பது பொதுவிதியாகக் கொள்ளத்தக்கது; உரையாடலில் ‘நாங்கள்’ வருமிடம் ஒவ்வொன்றும் குழுவுக்குள் பிரிவு உண்டா என்று ஆராய்ந்த பின்னரே எழுதப்படல் வேண்டும். இரண்டு, மூலம் தானே தெளிவற்றிருக்கும் இடங்களில் பெயரை விடுத்து ‘ஓம்’ ஈற்று வினைமுற்றை மட்டும் ஆளுதல் தமிழ் தரும் நேர்மையான வழி. மூன்று, மதிப்புப் பன்மை அறுவருக்கும் ஒரே அளவில் வழங்கப்படல் வேண்டும்.

இவ்வாய்வு நூறாண்டுக்கு முற்பட்ட ஒரு பயணத்தோடு நிற்பதன்று. இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ பாய்க்கப்பலில் 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி வந்தனர். அதே கப்பலில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்ட கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா ஆகிய இருவர் 2025 மே 29 அன்று பயணத்தை நிறைவு செய்தனர். இப்பயணங்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டாலும் இந்திய மொழிகளில் எழுதப்பட்டாலும், அவற்றை மொழிபெயர்ப்போர் முன் இதே வினா நிற்கும். மலையாளமும் தமிழும் இவ்வேறுபாட்டைக் காத்துள்ள மொழிகள். இருவர் மட்டுமே உள்ள கப்பலில் ஒருவர் மற்றவரிடம் ‘நாம்’ என்றால் அதற்குமேல் கப்பலில் எவரும் இல்லை. ‘நாங்கள்’ என்றால் கரையில் உள்ள எவரையோ சேர்த்துக்கொண்டாக வேண்டும்.

நன்னூலாரின் விளக்கம் இங்கு மீண்டும் நினைக்கத்தக்கது. ‘நாங்கள்’ என்பது படர்க்கையாரைத் தன்னோடு சேர்ப்பது. ஷாக்கில்டன் தம் படகுப்பயணத்தைச் சாண்டர்ஸிடம் சொல்லத் தொடங்கியபோது, கேட்பவர் படகில் இல்லாதவர். உடன்வந்தோர் அறையில் இல்லாதவர். மெக்கார்த்தி 1917-இல் போரில் கடலில் இறந்தார். அந்நூலின் பன்மையை ‘நாங்கள்’ எனத் தமிழில் எழுதும் ஒவ்வொரு முறையும், பதக்கம் பெற்றோரும் பெறாதோரும், இருந்தோரும் இறந்தோரும் ஆகிய அனைவரும் அச்சொல்லில் உளப்படுகின்றனர். அவருள் எவரும் விடுபடாதவாறு அதனை எழுதுதல் மொழிபெயர்ப்பாளர் கடன்.